அக்காவின் பிள்ளைக்கு இரண்டு பல்

தெருவில் என் அக்காவுக்கு வைத்த பெயர் பல்லக்கா. கேலிக்குத்தான் வைத்தார்கள். கூப்பிட்டதும் அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டதால் கேலி போய்ப் பெயர் மட்டும் தங்கிவிட்டது. என்னை யாராவது அப்படிக் கூப்பிட்டிருந்தால் உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். நான் டிரைவிங் ஸ்கூலில் பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள், கத்திக் கத்தியே பிழைப்பவள். அக்கா நேர் எதிர். இரண்டு பேரும் ஒரே வயிற்றில் பிறந்தோம் என்று சொன்னால் ஆட்கள் எங்களை மாறி மாறிப் பார்ப்பார்கள்.

அவள் வேலை பல் செட் செய்வது. பல் டாக்டரின் கிளினிக்கில் முன்னறை முழுக்க வெள்ளைவெளேர் என்று பளபளக்கும். பின்னறைதான் அக்காவுடையது. ஜன்னலோரம் ஒரு நீள மேசை, அதன் மேல் பிளாஸ்டரில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். ஒரு ஸ்பிரிட் விளக்கு, ரோஜா நிற மெழுகு, தாடை மாதிரியே திறந்து மூடும் ஒரு பித்தளைக் கருவி. மெழுகில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையையும் கீழ்வரிசையையும் கடிக்க வைத்துப் பார்ப்பாள். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஈறு நிறப் பிளாஸ்டிக்கை அடைத்து வேகவைப்பாள். கடைசியில் மோட்டாரில் சுழலும் துணிச் சக்கரத்தில் பிடித்து மெருகேற்றுவாள். மாலையில் வீட்டுக்கு வரும்போது புருவத்தில் பிளாஸ்டர் தூசி படிந்து, அவளுக்கு மட்டும் அவசரமாக வயதாகிவிட்ட மாதிரி இருக்கும்.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. பல் கட்ட வரும் பெரியவர்களிடம், "சின்ன வயசுல சிரிச்ச மாதிரி ஒரு போட்டோ இருந்தா கொண்டு வாங்க" என்பாள். பாதிப் பேர் கல்யாணப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். கல்யாணப் போட்டோவில் யார் சிரித்திருக்கிறார்கள்? எல்லோரும் போலீஸ் ஸ்டேஷனில் நிற்கிற மாதிரி நிற்பார்கள். அக்கா விடமாட்டாள். உதட்டோரம் தெரியும் ஒரு கீற்றை வைத்தே எந்தப் பல் திரும்பியிருந்தது என்று கண்டுபிடித்து, செட்டிலும் அந்தப் பல்லை ஒரு நூல் திருப்பி வைப்பாள். "எல்லாம் வரிசையா நின்னா பொய்ப்பல்லுன்னு பார்த்ததுமே தெரிஞ்சிடும். கொஞ்சம் கோணல் இருந்தாத்தான் அது அவங்க பல்லு" என்பாள்.

பொய்ப்பல் செய்வதில் கெட்டிக்காரி, பொய் சொல்ல மட்டும் அவளுக்குச் சுத்தமாக வராது. சின்ன வயதில் நான் உடைத்த கண்ணாடிக்காக அவளைப் பொய்ச்சாட்சி சொல்ல வைக்கப் பார்த்தேன். வாயைத் திறந்ததுமே அழுதுவிட்டாள். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அவள் செய்ததிலேயே நல்ல செட் எங்கள் அப்பாவின் வாயில் இருந்தது. அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பல் எல்லாம் விழுந்தபோது ஏதோ பதவி போன மாதிரி இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அக்கா அவருடைய இளவயதுப் போட்டோ ஒன்றைத் தேடி எடுத்து, முன்பல்லில் அதே கோணலோடு ஒரு செட் செய்து கொடுத்தாள். அதன் பிறகு மனிதரைப் பிடிக்க முடியவில்லை. டீக்கடையில் பேச்சுக்கு நடுவே செட்டைக் கழற்றி உள்ளங்கையில் வைத்து, "என் மூத்த பொண்ணு செஞ்சது" என்று காட்டுவார். டீ குடித்துக்கொண்டிருக்கிறவர்களுக்கு எப்படி இருக்கும்? யோசிக்கவே மாட்டார்.

அக்காவுக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேண்டாம் என்று சபதம் எதுவும் எடுக்கவில்லை. அம்மா படுக்கையில் விழுந்தார், பிறகு நான் எவனையோ காதலித்துத் தொலைத்தேன், பிறகு அம்மா போய்விட்டார், பிறகு அப்பாவுக்குப் பல் விழுந்தது. அப்படியே நாற்பதை நெருங்கிவிட்டாள். அதைப் பற்றிப் புலம்பி நான் கேட்டதில்லை. ஆனால் சர்ச்சில் யார் கையில் குழந்தை இருந்தாலும் வாங்கிக்கொள்வாள். அதன் வாய்க்குள் சுண்டுவிரலை விட்டு ஈறைத் தடவிப் பார்த்து, "கீழ்ப்பல்லு வருது, அதான் சிணுங்குது" என்பாள். குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தை நான் பார்க்கமாட்டேன். பார்த்தால் எனக்குத் தாங்காது.

எல்லாம் ஒரு முதுகுவலியில் ஆரம்பித்தது. நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்கிறவளுக்கு முதுகு வலிக்காமல் என்ன செய்யும் என்று விட்டுவிட்டோம். அடிவயிறும் கொஞ்சம் உப்பியிருந்தது. "உட்கார்ந்தே கிடக்கேன்ல, தொப்பை" என்று அவளே சிரித்தாள். வலி விடாததால் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த சின்ன கிளினிக்கில் இடுப்புக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார்கள். டிரைவிங் ஸ்கூல் காரில் அவளையும் அப்பாவையும் ஏற்றிக்கொண்டு போனேன்.

அங்கே சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: கர்ப்பிணிகள் முன்கூட்டியே தெரிவிக்கவும். எக்ஸ்ரே எடுக்கிறவர் அதை ஒவ்வொரு பெண்ணிடமும் வாய்விட்டுக் கேட்க வேண்டும். அந்த ஆள் வேலைக்குப் புதிது, கூச்சம் வேறு. அதனால் அந்தக் கேள்வியை விழுங்கிவிட்டு, "கல்யாணம் ஆயிடுச்சாம்மா?" என்று கேட்பார். ஆகிவிட்டது என்றால்தான் அடுத்த கேள்வி. ஆகவில்லை என்றால் மேற்கொண்டு பேச்சே இல்லை, மேசை மேல் படுத்துவிட வேண்டியதுதான். அக்கா "இல்ல" என்றாள், படுத்தாள். இப்போது அவர் கூச்சத்தையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு, பல் போன கிழவிகளிடம்கூட நேரடியாகவே கேட்கிறார் என்று கேள்வி.

கொஞ்ச நேரத்தில் அவர் ஃபிலிமைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பெரியவரே, நான் கேட்டேனே. கல்யாணம் ஆகலன்னுதானே சொன்னாங்க?" என்றார் அப்பாவிடம்.

"ஆமா, ஆகல. அதுக்கென்ன இப்போ?"

"உள்ள குழந்தை இருக்கு போல. எலும்பு தெரியுது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நான் எடுத்திருக்கவே மாட்டேன். என் மேல தப்பு இல்ல பெரியவரே. என் வேலை போயிடும்."

முன்னறையில் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். கிளினிக் டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். அவர் வரும்வரை பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்பா எழுந்தார், ஃபிலிமை அந்த ஆள் கையிலிருந்து பிடுங்கினார், வெளியே நடந்தார். அக்கா துப்பட்டாவைச் சரிசெய்தபடி கதவருகே நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள் என்று அவள் நின்ற விதத்திலேயே தெரிந்தது.

வீட்டுக்குள் நுழைந்ததும் அப்பா கேட்டார்.

"யாரு?"

"யாரும் இல்லப்பா."

"யாருன்னு கேட்டேன்."

"சத்தியமா யாரும் இல்லப்பா."

அப்பா அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாயிலிருந்து பல் செட்டைக் கழற்றி, சாப்பாட்டு மேசையில் இருந்த தண்ணீர் டம்ளரில் போட்டார். மேல் செட், கீழ் செட், இரண்டையும். போட்டுவிட்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அடித்திருந்தால்கூட அக்காவுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

ஆக, எங்கள் வீட்டில் மூன்று பேருக்கு மூன்று நம்பிக்கை. குழந்தை இருக்கிறது, அப்படியானால் எவனோ இருந்திருக்கிறான்: இது அப்பா. அக்கா யாரும் இல்லை என்கிறாள், அவளுக்குப் பொய் வராது, அப்படியானால் அது குழந்தையே இல்லை: இது நான். அக்கா இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். யாரும் இல்லை. குழந்தை இருக்கிறது.

அவள் கட்டிலுக்கு எதிரே சுவரில் மாதா படம் ஒன்று மாட்டியிருக்கும். இடுப்பில் குழந்தையோடு நிற்கிற மாதா. அன்று மாலை உள்ளே போனபோது அக்கா அதன் எதிரில் வயிற்றில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை. கண் காய்ச்சல்காரி மாதிரி மின்னியது.

"அவங்களுக்கும் முதல்ல ஒண்ணும் புரியலயாம்" என்றாள் படத்தைக் காட்டி. "இதெல்லாம் எப்படி நடக்கும்னுதான் தூதர்கிட்ட கேட்டாங்களாம். நானும் அதைத்தான் கேட்டுட்டு இருக்கேன்."

"உனக்குத் தூதரா வந்தாரு? எக்ஸ்ரேக்காரர்தானே வந்தாரு!"

"யாரை அனுப்பணும்னு கடவுளுக்குத் தெரியாதா?"

மருந்துக்கடையில் வாங்கி வந்த கர்ப்பச் சோதனை அட்டையை நீட்டினேன். "ஒரு கோடா ரெண்டு கோடான்னு பார்த்துடலாம், வா."

"மாதா இதெல்லாம் வெச்சா பார்த்தாங்க?"

"அக்கா, உனக்கு மாசாமாசம் வருதா இல்லையா?"

"வருது."

"அப்புறம் என்ன?"

"எல்லாருக்கும் நடக்கற மாதிரியே நடந்தா அது அதிசயமாடீ?"

இப்படிப் பேசுகிறவளிடம் என்னத்தைச் சொல்வது? அட்டையை வாங்கி டிராயருக்குள் போட்டுவிட்டாள். பிறகு என் கையைப் பிடித்துத் தன் அடிவயிற்றில் வைத்தாள். உள்ளே உருண்டையாக, கெட்டியாக ஏதோ இருந்தது. எனக்கு நம்பிக்கை கிம்பிக்கை எல்லாம் கிடையாது, ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாட்டுக்கு மட்டும் நிற்கிறவள். ஆனாலும் உடம்பு சிலிர்த்துப் போனது. அந்த அறையில் எங்களைத் தவிர இன்னொருவரும் இருக்கிறார் என்று ஒரு நிமிஷம் நானும் நம்பினேன், அதை மறைக்க மாட்டேன்.

ஒன்று யோசித்துப் பார்த்தேன். இந்த மாதிரிக் கதை ஒரு மதத்தோடு நிற்கவில்லை. ஒருத்தி சூரியனைக் கூப்பிட்டாள், பிள்ளை வந்தது. ஊர் என்ன சொல்லுமோ என்று பெட்டியில் வைத்து ஆற்றோடு விட்டாள். எந்தக் கதையிலும் பிள்ளை சுலபமாக வந்துவிடுகிறது. அதன் பிறகு ஊரின் முகத்தைப் பார்ப்பதுதான் பெண்ணுக்குப் பெரும்பாடாக இருக்கிறது. அக்கா பார்க்க வேண்டியிருந்தது ஒரே ஒரு முகம். அந்த முகமும் கன்னம் ஒட்டி, உதடு உள்ளே மடிந்து, தினமும் அவள் எதிரில் உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் ஊறவைத்து விழுங்கிக்கொண்டிருந்தது.

அப்பா டீக்கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். பல் செட் டம்ளரிலேயே கிடந்தது. அக்கா தினமும் காலையில் அந்தத் தண்ணீரை மாற்றி, செட்டை பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவித் திரும்ப வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ள மாட்டார்கள். "ஊர் நம்ப வேண்டாம். அப்பா நம்பினாப் போதும் எனக்கு" என்று என்னிடம் மட்டும் ஒருதரம் சொன்னாள். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினாள்.

இதற்கிடையில் அவளுக்கு வயிற்றில் சுரீர் சுரீரென்று வலி வந்து போக ஆரம்பித்தது. நின்ற இடத்திலேயே மேசையைப் பிடித்துக்கொண்டு மடங்கிவிடுவாள். ஆஸ்பத்திரிக்கு வா என்றால் வரமாட்டாள். "பிள்ளைன்னா வலிக்காதா?" என்பாள். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவளுடைய பக்தி இவளைக் கொன்றுவிடப் போகிறது என்று தோன்றியது.

அப்பா அந்த ஃபிலிமை பீரோவின் மேல் தன் பழைய காக்கிச் சட்டைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். அவர் குளிக்கும்போது அதை எடுத்தேன். நேராக அக்காவின் பின்னறைக்குப் போனேன்.

"இந்தா. நீ இதைப் பார்க்கவே இல்ல. எங்க உன் பிள்ளை, காட்டு பார்க்கலாம்" என்று மேசையில் போட்டேன்.

அக்கா கையில் இருந்த மெழுகுக் கத்தியை வைத்தாள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். முதலில் அவள் முகத்தில் இருந்தது ஆசை, போட்டோவில் பிள்ளையைத் தேடுகிற அம்மாவின் ஆசை. பிறகு புருவம் சுருங்கியது. ஃபிலிமைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். அந்தச் சுருக்கத்தை எனக்குத் தெரியும். பல் செட் கடி சரியாக உட்காராதபோது வருகிற சுருக்கம்.

"பல்லு இருக்கு" என்றாள். "ரெண்டு."

எனக்கு இரண்டு வெள்ளைப் புள்ளிகள்தான் தெரிந்தன.

"வயித்துல இருக்கற பிள்ளைக்குப் பல்லு ஈறுக்குள்ள சின்ன மொட்டாத்தான் இருக்கும். இது அப்படி இல்ல. இது பால்பல்லே இல்லடீ. கோரைப்பல்லுக்குப் பின்னாடி நிக்குமே, அந்தப் பல்லு. பத்து வயசுக்கு மேலதான் முளைக்கும்." அவள் குரல் இறங்கிக்கொண்டே போனது. "அப்போ இது பிள்ளை இல்ல."

நான் ஜெயித்துவிட்டேன். ஜெயித்தது சந்தோஷமாகவே இல்லை. மேசை மேல் தாடைகள் எல்லாம் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தன, அக்கா அவற்றுக்கு நடுவே ஃபிலிமைப் படுக்க வைத்துவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டாள். பிளாஸ்டர் தூசியும் கண்ணீரும் சேர்ந்து விரல் எல்லாம் சேறாகியது. கொஞ்ச நேரம் கழித்துத் தலையைத் தூக்கிக் கேட்டாள்.

"அப்போ இது யாரோட பல்லு? எனக்குள்ள எப்படி வந்தது?"

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவள் ஆஸ்பத்திரிக்கு வரச் சம்மதித்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் எங்களைப் பார்த்த டாக்டரம்மா தலையைச் சுற்றி முக்காடு போட்டிருந்தார். நடுத்தர வயது, அவசரமே இல்லாத குரல். கல்யாணம் ஆயிற்றா என்று கேட்கவில்லை. கேட்க வேண்டியதை நேராகக் கேட்டார், அக்கா சொன்ன பதிலை அப்படியே எடுத்துக்கொண்டார். ஸ்கேன் கருவியை வயிற்றில் வைத்து நகர்த்தித் திரையைப் பார்த்தார்.

"சினைப்பையில கட்டி. கெட்ட கட்டி மாதிரித் தெரியல, பயப்படாதீங்க. ஆனா பெரிசா இருக்கு, முறுக்கிக்குது. அதான் அந்த வலி. எடுத்துடணும்."

"பல்லு?" என்றாள் அக்கா.

"இருக்கு. முடியும் இருக்கும்." டாக்டரம்மா கையைத் துடைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப் போட்டு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். "பொண்ணுங்க நாம பிறக்கும்போதே நமக்கான முட்டை எல்லாத்தையும் கொண்டுதான் பிறக்கறோம். நீங்க உங்க அம்மா வயித்துல இருந்தப்பவே அது உங்களுக்குள்ள வந்தாச்சு. ஒவ்வொண்ணும் அதுபாட்டுக்குக் காத்துட்டு இருக்கும். எப்பவாவது, யாருக்காவது, அதுல ஒண்ணு காத்திருக்காம தானாவே ஆரம்பிச்சிடும். ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். தோல், முடி, எலும்பு, பல்லு எல்லாம் செய்யும். செய்யத் தெரியும் அதுக்கு. எதை எங்க வைக்கணும்னு மட்டும் தெரியாது."

"ஆம்பளை இல்லாமலேயா?" இது நான். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

"ஆம்பளை இல்லாமலேதான். சில பல்லி, சில சுறா எல்லாம் அப்படி முழுக்குட்டியே பெத்துடுது. மனுஷங்களுக்கு அது நடக்கறதில்ல. தகப்பன்கிட்டேருந்து வர்ற பாதியில சில குறிப்பு இருக்கு, அது இல்லாம பிள்ளையைத் தாங்கற நஞ்சுக்கொடி சரியா வளராது. அதனால இது வரைக்கும் வந்து நின்னுடுது."

அக்கா கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தாள். காதோரம் கண்ணீர் வழிந்து தலையணைக்குள் போனது.

"அப்போ நான் பொய் சொல்லல, இல்ல டாக்டர்?"

"இல்லம்மா. நீங்க பொய் சொல்லல."

அதை வெளி ஆள் ஒருவர் வாயால் கேட்டதும் அக்கா விசும்பி விசும்பி அழுதாள். டாக்டரம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அழுகை அடங்கியதும் அக்கா தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "மாதாவுக்கு நடந்தது?"

"அது என் மெஷின்ல தெரியாதும்மா. எங்க பாடத்துப்படி ஒருத்தி தனியா பெத்தா அது பொம்பளைப் பிள்ளையாத்தான் இருக்கணும். மகன் பிறந்தான்னா அது பாடம் போகாத இடம். ஆனா நீங்க சொல்ற அந்தம்மா எங்க வேதத்துலயும் இருக்காங்க. எங்க வீட்ல சொல்ற கதையில, பிள்ளையைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள வர்றாங்க. ஊரே சூழ்ந்துக்கிட்டுக் கேள்வி கேக்குது. அவங்க வாயே திறக்கல. பிள்ளையைக் காட்டறாங்க, அவ்வளவுதான். அந்தப் பச்சைக் குழந்தை அம்மாவுக்காகப் பேசுது." கொஞ்சம் நிறுத்திச் சிரித்தார். "எத்தனையோ வயித்தைப் பார்த்துட்டேன். இப்பவும் வாயடைச்சுப்போய்தான் நிக்கறேன்."

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஈறும் ஈறும் உரச முணுமுணுத்தார். "டாக்டரும் பொம்பளைதானே. எல்லாரும் சேர்ந்து மூடி மறைக்கறீங்க." அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. பெற்ற அப்பா என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். "நாளைக்கு ஆபரேஷன். வந்தா வாங்க, வராட்டிப் போங்க" என்று கதவை அறைந்து சாத்திவிட்டு வந்தேன். டம்ளரில் இருந்த பல் செட் தண்ணீருக்குள் குலுங்கியது.

ஆபரேஷனுக்கு முன் அக்கா டாக்டரம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொண்டாள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பும் முன் தன்னிடம் காட்ட வேண்டும். அவரும் சொன்ன சொல் தவறவில்லை. அக்காவுக்கு மயக்கம் தெளிந்து கண் நன்றாக நிலைத்ததும், கண்ணாடிப் பாட்டில் ஒன்றைக் கையில் கொண்டு வந்து கட்டிலோரம் வைத்தார்.

நான் அருவருப்பாக இருக்கும் என்று பாதிக் கண்ணை மூடிக்கொண்டுதான் பார்த்தேன். பிறகு மூட மறந்துவிட்டேன். மஞ்சளாகக் கொழுப்பு, அதிலிருந்து ஈரமாக ஒரு கற்றை முடி, நீளமாக, யாரோ தலை குளித்துவிட்டு வந்த மாதிரி. ஒரு துண்டு எலும்பு. அந்த எலும்பில் நட்டு வைத்த மாதிரி வெள்ளையாக இரண்டு பல். கடையில் வாங்கியதைப் போல அவ்வளவு சுத்தம். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் சொல்லிக்கொடுக்காமல், இது உட்கார்ந்து பல் செய்திருக்கிறது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். கடவுளே என்று வாய்விட்டுச் சொன்னேன். யாரைக் கூப்பிட்டேன் என்று எனக்கே தெரியாது.

அக்கா பாட்டிலைத் தொழில்காரியாகத்தான் முதலில் பார்த்தாள்.

"மினுமினுப்பைப் பாருடீ. நான் எத்தனை மெருகு போட்டாலும் இது வராது. ஒரு பல்லு நட நான் எத்தனை அளவெடுக்கறேன், எத்தனை போட்டோ பார்க்கறேன். இது இருட்டுக்குள்ள, தனியா..." விரலால் கண்ணாடியைத் தொட்டாள். "ஒண்ணு லேசா திரும்பியிருக்கு பார்த்தியா?"

திரும்பித்தான் இருந்தது. ஒரு நூல்.

"வலிக்குதாக்கா?"

"இல்ல." பாட்டிலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மாதாவுக்கு முழுசா கொடுத்தாரு. எனக்கு ரெண்டு பல்லு. ஆனா அவங்க போன வழியில கொஞ்ச தூரம் நானும் போயிருக்கேன், இல்ல?"

போயிருக்கேக்கா என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

அப்போது வாசலில் ஆள் நிழல் தெரிந்தது. அப்பா. பஸ் பிடித்துத் தனியாக வந்திருக்கிறார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார், முகம் இன்னும் ஒட்டிப்போயிருந்தது. என்ன இருந்தாலும் பெற்றவர், மகள் வயிற்றைக் கிழிக்கிறார்கள் என்றதும் வீட்டில் உட்கார முடியவில்லை. ஆனால் உள்ளேயும் வராமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் வாயைத் திறந்தேன். அக்கா கையைக் காட்டி என்னை நிறுத்தினாள். அவளும் ஒன்றும் பேசவில்லை. கட்டிலோரம் இருந்த பாட்டிலைக் காட்டினாள்.

அப்பா மெதுவாகக் கிட்டே வந்தார். குனிந்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி குனிந்தார். பஸ் ஓட்டிய காலத்தில் என்ஜினுக்குள் பார்க்கிற மாதிரி அத்தனை பொறுமையாகப் பார்த்தார். அந்த எலும்பை, பல்லை, முடியை. முடியில் வந்து அவர் கண் நின்றுவிட்டது. அது எங்கள் இருவருடைய முடி மாதிரிக் கறுப்பாக இல்லை. லேசான செம்பட்டை.

"உங்க அம்மா முடி" என்றார்.

கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. அப்பா அழுது நான் அதற்கு முன் ஒரே ஒரு முறைதான் பார்த்திருக்கிறேன், அம்மாவை எடுத்துக்கொண்டு போன அன்று. கொஞ்ச நேரம் கழித்துச் சட்டைப் பைக்குள் கை விட்டு ஒரு கைக்குட்டைப் பொட்டலத்தை எடுத்தார். பிரித்தார். பல் செட். கூட எடுத்துக்கொண்டுதான் வந்திருக்கிறார், போடுவதா வேண்டாமா என்று வழியெல்லாம் தடவிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார் போல. இரண்டையும் மாட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேல் செட் நழுவிக் கீழ் செட்டின் மேல் விழுந்து கடகடவென்று அடித்தது. வார்த்தை வெறும் காற்றாகப் போனது.

"வாயைத் திறங்கப்பா" என்றாள் அக்கா.

படுத்தபடியே கையை நீட்டி, சர்ச்சில் குழந்தைகளுக்குப் பார்க்கிற மாதிரி சுண்டுவிரலால் அவர் ஈறைத் தடவிப் பார்த்தாள். அப்பா கண்ணீரோடு வாயைப் பிளந்துகொண்டு குனிந்திருந்தார்.

"ஈறு சுருங்கிப்போச்சு. இத்தனை நாள் போடாம விட்டா அப்படித்தான் ஆகும். வீட்டுக்கு வந்ததும் உள்பக்கம் கொஞ்சம் பிளாஸ்டிக் ஊத்திச் சரி பண்ணித் தர்றேன். அது வரைக்கும் பேசாதீங்க."

அப்பா கேட்கவில்லை. மேல் உதட்டை இரண்டு விரலால் அழுத்திச் செட்டை இடத்தில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னார்.

"நீ சொன்னப்பவே... நம்பியிருக்கணும்."